ஒரே மெஷின், ஒரே அளவு கரன்ட்: நாத்தனாருக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லையே!

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயது. மனச்சோர்வுக்காக இரண்டு வருடமாக செர்ட்ரலின் சாப்பிடுகிறேன். தூக்கத்துக்கு இரவில் குளோனசெபாம். மருந்தில் பாதிதான் தேறினேன் என்பதால், தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் டி.டி.சி.எஸ். சிகிச்சைக்கு அனுப்பினார்கள். என் நாத்தனாருக்கும் இதே பிரச்சினைதான். அதே இடம், அதே மெஷின், அதே 2 மில்லி ஆம்பியர், அதே அரை மணி நேரம். இரண்டாவது வாரமே அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கு 10 தடவை முடிந்தும் நெற்றியில் அரிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "நீ மனசு வைக்க மாட்டேங்கிற" என்கிறார் என் கணவர். என் மூளையிலேயே கோளாறா? கரன்ட்டைக் கூட்டி வைக்கச் சொல்லலாமா? ஒத்துவருமா என்று ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அல்லது ஒரு மெஷின் வாங்கி வீட்டிலேயே தினம் இரண்டு வேளை வைத்துக்கொள்ளட்டுமா? சில நாள், காலையில் கண் விழிக்காமலே போனால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு மனநல மருத்துவர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இன்றே உங்கள் மருத்துவருக்குப் போன் செய்து, எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், உங்கள் நாத்தனாரிடமே சொல்லலாம். "கண் விழிக்காமல் போனால் தேவலை" என்பது "எப்படிச் செய்யலாம்" என்று திரும்பினால், போன்கூட வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். டி.டி.சி.எஸ். வாரக்கணக்கில் வேலை செய்கிற சிகிச்சை. அந்த அவசரத்துக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி மற்ற கேள்விகள்.

உங்கள் மூளையில் கோளாறு இல்லை. நீங்கள் மனசு வைக்காததும் காரணம் இல்லை. உங்கள் கணவர் இதையும் படிக்கட்டும். "ஒரே அளவு கரன்ட்" என்று நீங்கள் எழுதியதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மெஷின் திரையில் தெரியும் 2 மில்லி ஆம்பியர், தோலுக்குள் நுழையும் அளவு. மூளைக்குப் போய்ச் சேரும் அளவு வேறு. மின்சாரம் சுலபமான வழியைத் தேடிப் போகும். நெற்றித் தோலும் தசையும் அதற்குச் சுலபமான வழி. மண்டையோடு கடினமான வழி. ஆகவே பெரும்பகுதி தோல் வழியாகவே ஒரு மின்முனையிலிருந்து மறு மின்முனைக்கு ஓடிவிடுகிறது. இறந்தவர்களின் உடலில் நேரடியாக அளந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, செலுத்திய மின்சாரத்தில் சுமார் 75 விழுக்காடு தோலிலும் எலும்பிலுமே நின்றுவிடுகிறது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு, வலிப்பு நோய் அறுவை சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் அளந்தார்கள். வெளியே 2 மில்லி ஆம்பியர் கொடுத்தபோது மூளைக்குள் கிடைத்த மின்புலம், அதிகபட்சமாக மீட்டருக்கு 0.8 வோல்ட்.

இது எவ்வளவு சின்ன அளவு என்பதையும் சொல்ல வேண்டும். ஓய்வில் இருக்கும் ஒரு நரம்பணு துடிக்க வேண்டுமானால் அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 15 மில்லி வோல்ட் ஏற வேண்டும். இந்தச் சிகிச்சை கொடுப்பது ஒரு மில்லி வோல்ட்டைவிடக் குறைவு. ஷாக் ட்ரீட்மென்ட் என்று மக்கள் சொல்லும் ஈ.சி.டி.யோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. டி.டி.சி.எஸ். எந்த நரம்பணுவையும் புதிதாகத் துடிக்க வைப்பதில்லை. ஏற்கெனவே துடிக்கத் தயாராக இருப்பதை லேசாக முன்னே தள்ளுகிறது, அல்லது பின்னே இழுக்கிறது. ஆகவே பலன் கரன்ட்டை மட்டும் பொறுத்ததல்ல. அந்த நேரத்தில் அந்த மூளை என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆளுக்கு ஆள் பலன் மாறுவதன் சூட்சுமம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் உடலமைப்பு. எல்லோருடைய மண்டையோடும் ஒரே தடிமன் இல்லை. அதன் இரண்டு கடின அடுக்குகளுக்கு நடுவே பஞ்சு போன்ற ஓர் அடுக்கு உண்டு. அது எவ்வளவு தடிமன் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். எலும்புக்கும் மூளைக்கும் நடுவே மூளைத் தண்டுவட நீர் இருக்கிறது. மூளைத் திசுவைவிட அது பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். மின்முனைக்கு நேர் கீழே அந்த நீர் தடிமனாக இருந்தால், எலும்பைத் தாண்டி வந்த கொஞ்சநஞ்சமும் நீருக்குள்ளேயே பரவிப் போய்விடும். அதற்கும் கீழே மூளையின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. ஒரே மின்னோட்டம் மடிப்பின் ஒரு சுவரில் நரம்பணுக்களைத் தூண்டும் திசையிலும், எதிர்ச் சுவரில் அடக்கும் திசையிலும் பாயும். மடிப்புகளின் அமைப்பு கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் வேறு. எம்.ஆர்.ஐ. படங்களை வைத்துக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே அளவு கரன்ட்டுக்கு ஒரே இடத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் மின்புலம், இன்னொருவருக்குக் கிடைப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கலாம். உங்களுக்கும் நாத்தனாருக்கும் ஒரே "டோஸ்" கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது மின்முனை வைக்கும் விதம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். இரண்டு மின்முனைகளில் நேர்முனை பொதுவாக மூளையின் துடிப்பைத் தூண்டும், எதிர்முனை அடக்கும். மனச்சோர்வுக்கு நேர்முனையை இடது முன்மூளைக்கு மேலே வைப்பது வழக்கம். அந்த இடத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகக் குறிக்கக் கூடாது. மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை ஒரு முறை, காதிலிருந்து காது வரை ஒரு முறை டேப் வைத்து அளந்து குறிக்க வேண்டும், அல்லது தலையளவுக்குச் சரியான தொப்பி இருக்க வேண்டும். பட்டை தளர்ந்து மின்முனை ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே மின்சாரம் பாயும் பாதை மாறிவிடும். ஸ்பாஞ்சையும் கவனியுங்கள். உப்புக் கரைசல் சொட்டச் சொட்ட இருந்தால் நீர் முடிக்குள் வழிந்து, மின்முனையின் பரப்பே பெரிதான மாதிரி ஆகி, கரன்ட் கண்ட இடத்துக்குப் பரவும். காய்ந்திருந்தால் தோலில் ஒரு புள்ளியில் குவிந்து எரியும், சில சமயம் புண்ணும் ஆகும். முடியில் எண்ணெயோ ஜெல்லோ இருந்தால் மின்தடை ஏறும். அடுத்த முறை உட்காரும்போது திரையில் மின்தடை எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். பாதியில் ஸ்பாஞ்சை யாராவது தொட்டுப் பார்க்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

அரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது "வேலை செய்கிறது" என்பதற்கு அடையாளம் இல்லை. ஆராய்ச்சிகளில் போலித் தூண்டல் கொடுக்கும்போது மெஷினை அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதிலேயே அரிப்பு வந்துவிடும். வந்தவர் நிஜமான சிகிச்சை கிடைத்ததாக நம்பிப் போவார்.

இப்போது உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட முக்கியமான தகவல்: குளோனசெபாம். டி.டி.சி.எஸ்.இன் பலன் மருந்துகளோடு சேர்ந்து மாறுகிறது என்பது கை தசையை அசைக்கும் மூளைப் பகுதியில் செய்த சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன், நேர்முனைத் தூண்டலின் விளைவை அணைத்துவிடுகிறது. செர்ட்ரலின் வகையைச் சேர்ந்த சிடலோபிராம் ஒரே ஒரு டோஸ் கொடுத்தபோது, நேர்முனையின் விளைவு நீடித்தது. வழக்கமாக அடக்க வேண்டிய எதிர்முனையும் தூண்ட ஆரம்பித்தது. குளோனசெபாமின் உறவுக்காரரான லொராசெபாம் கொடுத்தபோது நடந்தது விசித்திரம். விளைவு முதலில் தாமதமானது, பிறகு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. ஆனால் மனச்சோர்வு நோயாளிகளிடம் பார்த்த சில ஆய்வுகளில், இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்கு டி.டி.சி.எஸ். பலன் குறைவாகவே இருந்தது. ஆகவே உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "குளோனசெபாம் எனக்கு இன்னும் தேவையா? குறைக்க முடியுமா?" கேட்கத்தான் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தச் சொல்லவில்லை. வழக்கமாகச் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், படபடப்பு வரும், வலிப்பு வரும் அபாயமும் உண்டு. நாத்தனார் என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்குத் தூக்க மாத்திரை இல்லையென்றால், "எல்லாம் ஒன்றுதான்" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

மருந்து இல்லாமலும் மூளையின் நிலை பலனைத் திருப்பிப் போடும். 2014இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். கணக்கு என்றாலே நடுங்குகிறவர்கள் ஒரு குழு, கணக்குப் பயம் இல்லாதவர்கள் ஒரு குழு. இரு குழுவுக்கும் முன்மூளையின் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தூண்டல். பயந்தவர்கள் சின்னச் சின்னக் கணக்குகளுக்கு வேகமாக விடை சொன்னார்கள். பயம் இல்லாதவர்களோ முன்பைவிட மெதுவாகிப் போனார்கள். ஒருவருக்கு உதவிய அதே தூண்டல் இன்னொருவரைப் பின்னுக்கு இழுத்தது. ஏற்கெனவே விளிம்புவரை நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்! தூக்கம், வயது, புகைப்பழக்கம், தூண்டலுக்கு முன்பும் நடுவிலும் மூளை செய்துகொண்டிருந்த வேலை என்று இந்தப் பட்டியல் நீளும்.

இங்கேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. கரன்ட்டைக் கூட்டச் சொல்ல வேண்டாம். "கூட்டினால் கூடும்" என்பது இந்த விஷயத்தில் செல்லாது. 1 மில்லி ஆம்பியரில் மூளையின் துடிப்பை அடக்கிய எதிர்முனைத் தூண்டல், 2 மில்லி ஆம்பியரில் 20 நிமிடம் கொடுத்தபோது அதற்கு நேர்மாறாகத் தூண்டிவிட்டது. 13 நிமிடம் கொடுத்தபோது துடிப்பை உயர்த்திய நேர்முனைத் தூண்டல், இடைவெளி விடாமல் 26 நிமிடமாக நீட்டியபோது தாழ்த்தியது. இவை கை தசைக்கான பகுதியில் பார்த்தவை, உங்கள் முன்மூளைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினம் இரண்டு வேளை என்று நீங்களாக முடிவு செய்வது ஏன் ஆபத்தான கணக்கு என்பதற்கு இது போதும்.

ஜீன் டெஸ்ட்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். பி.டி.என்.எஃப். என்ற மரபணுவின் வகைகளுக்கும் இந்தத் தூண்டலுக்கும் தொடர்பு தேடியவர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்ட முடிவுகளைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது உதவாது.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், நாத்தனாருக்குக் கொஞ்சம் கோபம்கூட வரலாம். "எனக்கு ஏன் கேட்கவில்லை" என்று கேட்பதற்கு முன்பு, "அவருக்குக் கேட்டது டி.டி.சி.எஸ்.தானா" என்று கேட்க வேண்டும்.

2024இல் வெளியான ஓர் ஆய்வில் 174 மனச்சோர்வு நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே, வீடியோவில் கண்காணிப்போடு 10 வாரம் இந்தச் சிகிச்சை பெற்றார்கள். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் சுமார் 45 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டார்கள். போலித் தூண்டல் பெற்றவர்களில் மீண்டவர்கள் சுமார் 22 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் பாருங்கள். நல்ல முடிவு வந்த ஆய்விலேயே, உண்மையான தூண்டல் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மீளவில்லை. நீங்கள் அந்தப் பெரும்பான்மையில் ஒருவர், விதிவிலக்கு அல்ல. இன்னொரு பக்கம், போலித் தூண்டல் மட்டுமே பெற்ற ஐந்து பேரில் ஒருவர் மீண்டிருக்கிறார். நம்பிக்கை, தினம் ஒருவர் அக்கறையோடு விசாரிப்பது, கூடவே எடுக்கும் மருந்து, நோய் தானாகத் தணியும் காலம் எல்லாமே அதில் கலந்திருக்கும். உங்கள் நாத்தனார் எந்தக் கணக்கில் தேறினார் என்று அவராலும் சொல்ல முடியாது, அவருடைய மருத்துவராலும் சொல்ல முடியாது. தேறினாரே, அது நல்லது. ஆனால் அவரை அளவுகோலாக வைத்து உங்களை அளக்காதீர்கள்.

எல்லா ஆய்வும் இவ்வளவு சாதகமாக வரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பிரேசிலில் 245 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், டி.டி.சி.எஸ். போலிச் சிகிச்சையைவிட மேலாக இருந்தது, ஆனால் எஸ்சிடலோபிராம் மாத்திரைக்கு ஈடானது என்று நிரூபிக்க முடியவில்லை. ஜெர்மனியில் 160 பேரிடம் நடந்து 2023இல் வெளியானதுதான் உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வருவது. ஏற்கெனவே செர்ட்ரலின் வகை மருந்து எடுப்பவர்களுக்குக் கூடுதலாக டி.டி.சி.எஸ். கொடுத்தார்கள், 6 வாரத்தில் 24 தடவை. போலித் தூண்டலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்து மனம் தளராதீர்கள். இந்தச் சிகிச்சை சராசரியாகச் சின்ன உதவி செய்வது. அது கேட்கவில்லை என்பது உங்களைப் பற்றிய தீர்ப்பு ஆகாது.

"எனக்கு ஒத்துவராத உடம்பு" என்றும் முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியின் கோட்டிங்கனில் 2000ஆம் ஆண்டு செய்த ஆய்வில் 1 மில்லி ஆம்பியர் தூண்டல் கை தசைக்கான துடிப்பை 40 விழுக்காடு வரை மாற்றியது. உலகம் முழுக்க இந்தத் துறை சூடு பிடித்ததே அதற்குப் பிறகுதான். 2014இல் லண்டனில் 53 பேரிடம் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேரிடம் பெரிதாக ஒரு விளைவும் இல்லை. மீதிப் பேருக்கோ நேர்முனை வைத்தாலும் எதிர்முனை வைத்தாலும் துடிப்பு கூடியது! அதே ஆளை வேறொரு நாள் சோதித்தால் விடை மாறிவிடுவதும் பல ஆய்வுகளில் நடந்திருக்கிறது. இவருக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது என்று ஆட்களையே இரண்டு சாதியாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்றைய அளவீடுகள் அதற்கு இடம் தரவில்லை.

உங்கள் விஷயத்தில் நடைமுறையில் என்ன செய்யலாம்? 10 தடவை என்பது பாதி வழி. முழு ஆய்வுகளில் 20 தடவைக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். முன்னேற்றம் சில வாரம் கழித்துத் தெரிவதும் உண்டு. மின்முனை வைக்கும் இடத்தையும் மருந்துகளையும் சரிபார்த்துவிட்டு, தொடங்கியதை முடியுங்கள். முன்னேற்றத்தை "முகம் தெளிந்ததா" என்று வீட்டார் பார்வையில் அளக்காமல், வாரம் ஒருமுறை மருத்துவர் தரும் கேள்வித்தாளில் மதிப்பெண்ணாக எழுதி வையுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ நோய் (சோர்வும் மிகையெழுச்சி எனும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருவது) உண்டா, உங்களுக்கே எப்போதாவது தூக்கமில்லாமல் அளவுமீறிய உற்சாகம் வந்ததுண்டா என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தத் தூண்டல் சில சமயம் மிகையெழுச்சியைக் கொண்டுவரும். முடிந்த பிறகும் பலன் இல்லையென்றால் செர்ட்ரலின் அளவை மாற்றுவது, வேறு மருந்து, காந்தத் தூண்டல், பேச்சுவழிச் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. மருந்தில் பாதி தேறிய ஒருவருக்குப் பேச்சுவழிச் சிகிச்சை பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு உறுத்துகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு மெஷின் வேண்டாம். மருத்துவமனையில் 4 மில்லி ஆம்பியருக்கு உட்பட்டு, 40 நிமிடத்துக்குள், முறையாகக் கொடுக்கும்போது இந்தச் சிகிச்சையால் பெரிய கெடுதல் பதிவானதில்லை என்று 2016இல் தொகுத்துச் சொன்னார்கள். அந்தப் பாதுகாப்பு, அளந்து வைத்த மின்முனைக்கும் சரிபார்த்த நோயாளிக்கும் கிடைத்தது. அதே ஆண்டு 39 ஆராய்ச்சியாளர்கள், தாங்களே தலையில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். விளைவு ஆளுக்கு ஆள் மாறும், ஒரு திறனைக் கூட்டப் போய் இன்னொன்றைக் குறைத்துவிடலாம், மூளையில் ஏற்படும் மாற்றம் நாம் நினைப்பதைவிட நீண்ட நாள் நிற்கலாம் என்பதே அதன் சாரம். 2024 ஆய்வில் வீட்டில் செய்தவர்களுக்கும் திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார். உங்கள் மருத்துவரே அப்படிக் கண்காணித்து வீட்டில் கொடுக்க முன்வந்தால் அது வேறு பேச்சு. அப்போதும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், ஸ்பாஞ்சை நனைக்கக் குழாய்த் தண்ணீர் எடுக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் தோல் புண்ணானவர்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன.